இழுத்துப் பார்க்கிற சாலமோன்

சாலமோனிடம் மாட்டியவர்கள் இரண்டு வகை. கத்தினவர்கள், கத்தக்கூட முடியாமல் மயக்கம் போட்டவர்கள். மூன்றாவது வகையை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலில் அந்த மனிதர் யார், என்ன வேலை பார்த்தார் என்று தெரிய வேண்டாமா?

நான் மார்கரெட். செங்கல்பட்டில் டாக்டர் வாசுதேவன் கிளினிக்கில் ஒன்பது வருஷம் நர்ஸாக இருந்தேன். கொளவாய் ஏரிக்குப் போகிற சாலையில் ஓட்டுக் கட்டிடம். காய்ச்சல், பேதி என்று வருகிறவர்கள் காலையிலேயே வந்து போய்விடுவார்கள். மத்தியானத்துக்கு மேல் வருகிறவர்கள் வேறு. ரைஸ் மில் பெல்ட்டில் கை சிக்கினவன், லாரி ஏறிக் கால் கூழானவன், கல் குவாரியில் கண் போனவன். இவர்களுக்கெல்லாம் முதலாளி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. முதலாளிகள் இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருப்பார்கள். கொடுக்க வேண்டியது மதராஸ் கம்பெனி. அடிபட்டவன் எல்லாம் போயிற்று என்பான், கம்பெனி ஒன்றும் போகவில்லை என்னும். உண்மையில் எவ்வளவு போயிற்று என்று இரண்டு பக்கமும் சேராத ஒரு டாக்டர் பார்த்து எழுதித்தர வேண்டும். அந்த டாக்டர் எங்கள் டாக்டர். நூற்றுக்கு இத்தனை என்று அவர் போடுகிற எண்ணுக்கு மறு பேச்சு கிடையாது.

டாக்டர் போடுகிறார் என்று பெயர்தான். அவருக்கு ரத்தம், அழுக்கு, கூச்சல் எதுவும் ஆகாது. ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். கையை முறுக்கிப் பார்ப்பதும் காலை மடக்கிப் பார்ப்பதும், புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் சாலமோன். அவர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதுவது நான், கார்பன் வைத்து மூன்று பிரதி. டாக்டர் கையெழுத்துப் போடுவார். ஆக, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் யாருக்கு எவ்வளவு உடம்பு மிச்சம் என்று முடிவு செய்தது, எட்டாவதுகூடப் படிக்காத ஒரு முரட்டு ஆள்தான்.

அவர் பார்க்கிற விதம் இப்படி. சிங்கப்பெருமாள் கோயில் மில்லிலிருந்து ஒரு கூலி வந்தான். வலது கை தூக்கவே வரவில்லை என்றான். சாலமோன் அவனிடம் நல்ல வார்த்தையாகப் பேசி, ஊரைக் கேட்டு, டீ வாங்கிவரச் சொல்லி அவன் இடது கையில் டம்ளரைக் கொடுத்தார். அவன் குடிக்க வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை இடுக்கியால் எடுத்து அவன் தொடையில் போட்டார். செத்துப்போன வலது கை பாய்ந்து வந்து கரியைத் தட்டிவிட்டது. அடுத்த நொடி சாலமோன் விட்ட அறையில் அவன் பெஞ்சோடு சாய்ந்தான், பல்லில் ரத்தம். "உன்ன மாதிரி ஒருத்தன் வந்துட்டுப் போனா, நெஜமா கை போனவன் பத்து பேர எவனும் நம்ப மாட்டான்டா" என்று சொல்லி இன்னொன்றும் போட்டார். அடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் பொய்தானே சொன்னான்? பேனாவை எடுத்து எழுதினேன்.

சாலமோன் கோவளத்துக்காரர். உப்பளத்துக்குப் பின்னால் சேரியில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் உப்பு வாரினவர்கள், காலெல்லாம் வெடித்துப் புண்ணாகியே செத்தார்கள். யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் அடிபட்டவர்களைத் தூக்குகிற வேலை பார்த்தார். அங்கே சிலர் ஊருக்குப் போவதற்காகத் தாங்களே காலில் சுட்டுக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிவிடுவார்களாம். அப்படி ஒருவனைச் சேற்றில் இரண்டு மைல் சுமந்துகொண்டு போய் இறக்கிவிட்டு வருவதற்குள், வயிறு கிழிந்து கிடந்த இன்னொருவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் இறங்கும். பொய்க்காயம் என்றாலே மனிதருக்கு வெறி பிடிப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறவர். அதை மறைக்கப் போவதில்லை. கட்டினவள் இரண்டாம் வருஷமே தாய் வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஒரு படகுக்காரனுக்கு அவர் கம்மியாக மதிப்பிட்டார் என்று அவன் அண்ணன் தம்பிகள் கோவளம் பஸ் நிற்கிற இடத்தில் துடுப்பால் அடித்து முன் பல் இரண்டைப் பெயர்த்தார்கள். மறுநாள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார். அதே ஆளிடம் ஒரு மில் குமாஸ்தா கவரை நீட்டினபோது, அந்தக் கவரை அப்படியே சுருட்டி குமாஸ்தாவின் வாயில் திணித்து, மூச்சு முட்டும்வரை கையை எடுக்கவில்லை. இந்தப் பக்கமும் அடிப்பார், அந்தப் பக்கமும் அடிப்பார். அதனால்தான் அவர் வார்த்தைக்கு மதராசில் அவ்வளவு மதிப்பு.

எல்லப்பன் வந்தது ஐம்பத்தைந்தில், தீபாவளி கழிந்த வாரம். திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே ஒரு குவாரியில் வெடிக்காரர். முப்பத்தைந்து வயசு இருக்கும். முகத்தின் வலது பாதி முழுக்கக் கருமருந்து ஏறிப் பச்சை குத்தினதுபோல் இருந்தது. கூட அவர் பெண்சாதி செங்கம்மாள், அதே குவாரியில் ஜல்லி உடைக்கிறவள்.

வெடிக்காரன் வேலை என்னவென்று அன்றைக்குச் செங்கம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாறையில் ஆறு குழி போட்டு, மருந்து கெட்டித்து, ஆறு திரியையும் வரிசையாகக் கொளுத்திவிட்டு ஓட வேண்டும். ஓடி ஒளிந்த இடத்தில் சும்மா இருக்கக்கூடாது, சத்தத்தை எண்ண வேண்டும். ஆறும் கேட்டால் திரும்பப் போகலாம். ஐந்துதான் கேட்டது என்றால் ஒரு குழி உள்ளே உயிரோடு இருக்கிறது, அன்றைக்கு முழுக்க யாரும் கிட்டே போகக்கூடாது. ஆடி மாதத்தில் ஒரு குழி, எல்லப்பன் கொளுத்திவிட்டுத் திரும்பி ஓடுவதற்கு முன்னாலேயே வெடித்துவிட்டது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வடிந்ததாம். அதோடு காது அடைத்துவிட்டது.

காது கேட்காத வெடிக்காரன் எப்படி எண்ணுவான்? இதுதான் விஷயம். காது போயிற்று என்று நாங்கள் எழுதினால் நஷ்ட ஈடு வரும், எல்லப்பன் குழிப்பக்கம் போகாமல் வேறு பிழைப்புப் பார்ப்பார். கேட்கிறது என்று எழுதினால் காண்டிராக்டர் அவரை மறுபடி குழிக்குத்தான் அனுப்புவான். நல்ல வெடிக்காரன் சுலபத்தில் கிடைக்க மாட்டான், குடிசையும் காண்டிராக்டருடையது. போக மாட்டேன் என்றால் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

சாலமோன் அவரைப் படுத்தின பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கண்ணைத் துண்டால் கட்டி முக்காலியில் உட்காரவைத்தார். பின்னால் நின்று எனாமல் தட்டைத் தரையில் போட்டார். எல்லப்பன் அசையவில்லை. காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மெல்லிய குரலில் அவர் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைக்கு எப்பேர்ப்பட்டவனுக்கும் கழுத்து நரம்பு புடைக்கும். எல்லப்பனுக்குப் புடைக்கவில்லை. காதுக்குள் ஊசியை விட்டுக் கிளறினார். அப்போதுதான் எல்லப்பன் கத்தினார், அதுவும் வலிக்கு. சாலமோன் அறைந்தார், உலுக்கினார். நான் போதும் அண்ணே என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை, அவர் செவிடுதான்.

சாலமோனுக்கும் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் கடைசியாக ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று, தீபாவளிக்கு வாங்கி மிச்சமிருந்த யானை வெடி ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். எல்லப்பனை அதே மாதிரி கண்ணைக் கட்டி உட்காரவைத்து, நாலு கை தூரம் தள்ளிப் பின்னால் வெடியை வைத்துத் திரியைக் கொளுத்தினார். திரி சீறியது. வெடிக்கவில்லை இன்னும். அதற்குள் எல்லப்பன் முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுத் தரையில் விழுந்து இரண்டு கையாலும் மண்டையைப் பொத்திக்கொண்டார். அப்புறம்தான் டமார் என்றது.

"திரி சீறுனது கேட்டுக்கீது" என்றார் சாலமோன். விழுந்து கிடந்தவரின் விலாவில் ஒரு உதை விட்டார். நான் எழுதினேன். காது கேட்கும் சக்தி உள்ளது, நடிக்கிறார். மூன்று பிரதி. டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் செங்கம்மாள் தனியாக வந்தாள். முந்தானையில் ஒரு கருங்கல்லை முடிந்து வைத்திருந்தாள். சாலமோன் வாசலில் தலை நீட்டினதும் சுழற்றி அடித்தாள். புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்துவிட்டது. அவர் பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்து, மறு கையை ஓங்கிவிட்டார். அவள் பின்னால் போகவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"அடி, அதுக்கின்னா" என்றாள். "ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு அடி. அவருக்குக் காது கேக்குதுன்னு எத்த வச்சுய்யா எழுதின?"

வெடி வெடிப்பதற்கு முன்னாலேயே உன் புருஷன் குப்புற விழுந்தான், திரிச் சத்தம் கேட்காமல் எப்படி விழுவான் என்று சாலமோன் கத்தினார். செங்கம்மாள் சிரித்தாள். அது சிரிப்பில் சேர்த்தி இல்லை.

"திரி வாசன மூக்குல ஏறினா வுழாத வெடிக்காரன் எவன்யா கீறான்? தீவாளிக்குப் புள்ளைங்க மத்தாப்பு கொளுத்தினாலே சோத்துத் தட்ட வுட்டுட்டு ஓடுவாரு. பதினஞ்சு வருசமா அந்த வாசனைக்கு ஓடிகினு கீற மனுசன்யா."

சாலமோன் கை கொண்டையை விட்டது. கரித்துண்டு, ஊசி, எனாமல் தட்டு என்று அத்தனை தந்திரம் தெரிந்த எங்கள் இரண்டு பேருக்கும் மூக்கு என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை.

அன்றைக்கே நாங்கள் இரண்டு பேரும் அவளோடு பஸ் ஏறிக் குவாரிக்குப் போனோம். சாலமோன் தலையில் கட்டு, பையில் இரண்டு யானை வெடி. எல்லப்பன் ஒரு பாறை மறைவில் முதுகைக் காட்டிக்கொண்டு கூழ் குடித்துக்கொண்டிருந்தார். காற்று எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் வீசியது. சாலமோன் ஒரு வெடியைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டுத் திரியை மட்டும் பாறைக்கு இந்தப் பக்கம் கொளுத்தினார். கொஞ்சம் புகைந்தது, அவ்வளவுதான். எல்லப்பன் கூழ்ச்சட்டியை எறிந்துவிட்டு ஓடிப்போய் ஒரு பள்ளத்தில் விழுந்தார். செங்கம்மாள் போய்ச் சைகை காட்டி அழைத்து வந்து மறுபடி உட்காரவைத்தாள். சாலமோன் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். காற்று எல்லப்பனை விட்டு விலகிப் போகிற பக்கம். அங்கே முழு வெடியைக் கொளுத்தினார். திரி சீறியது எனக்கே நன்றாகக் கேட்டது. எல்லப்பன் சட்டியில் ஒட்டினதை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். வெடி வெடித்துத் தரை அதிர்ந்த பிறகுதான் திரும்பினார்.

சாலமோன் அங்கேயே ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் தப்பு பண்ணிட்டேன் மார்கிரேட்டு என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

மாற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருவரும் நம்பிக்கொண்டு திரும்பினோம். டாக்டர் வாசுதேவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நாங்கள் சொன்னதைக் கேட்டார். "ஒரு தடவை எழுதினது எழுதினதுதான். நான் மாத்த மாட்டேன்னுதான் ரெண்டு பக்கமும் என்கிட்ட வரான்" என்றார். சாலமோன் மேஜையைப் புரட்டித் தள்ளி அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். கண்ணாடி விழுந்து என் காலடியில் நொறுங்கியது. நான் நடுவில் புகுந்து தோளில் ஒரு அடி வாங்கினேன். டாக்டர் போலீஸைக் கூப்பிடவில்லை, வேலையை விட்டும் நிறுத்தவில்லை. சாலமோன் இல்லாமல் அவருக்குத் தொழில் நடக்காது, அவ்வளவுதான் காரணம். புதுக் கண்ணாடி வந்ததும் எல்லாம் பழையபடி.

நஷ்ட ஈட்டு வழக்குகளை விசாரிக்கிற மதராஸ் கமிஷனருக்கு, சாலமோன் சொல்வதுபோல் நானே ஒரு கடிதம் எழுதினேன். டாக்டருடைய அபிப்பிராயம் மட்டும்தான் செல்லும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு சாலமோன் காண்டிராக்டரிடம் நேரே போனார். எல்லப்பனைக் குழிக்கு அனுப்பாதே, வேறு வேலை கொடு என்று கேட்டிருக்கிறார். கேட்டது நயமாகவா இருந்திருக்கும்? காண்டிராக்டர், கேட்கிறது என்று நீதானே எழுதினாய் என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே ஆட்டியிருக்கிறான். இவர் அவன் மூக்கில் குத்த, நாலு ஆட்கள் கடப்பாரைக் காம்பால் இவரை அடித்துத் துவைத்துப் பாறைச் சரிவில் உருட்டிவிட்டார்கள். விலா எலும்பு இரண்டு போயிற்று. நான்தான் பட்டை சுற்றிக் கட்டினேன். கட்டும்போது அழுதார். வலியில் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டுமாம், அப்படி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

எல்லப்பன் குழிக்குப் போனார். செங்கம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெடி வைக்கிற நேரத்தில் ஜல்லி உடைப்பதை விட்டுவிட்டு, மேட்டில் அவர் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொள்வாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்குவாள். ஆறாவது கேட்டதும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். அவர் மறைவிலிருந்து வெளியே வருவார். ஒரு மாதம் அப்படிப் போயிற்று. சந்தையில் பார்க்கும்போதெல்லாம் நான் விசாரிப்பேன். காது அவருக்கு, வேலை எனக்கு என்பாள்.

தை மாதத்தில் ஒரு நாள். மலை முடுக்கில் அடித்துத் திரும்பின எதிரொலியை அவள் ஆறாவது என்று எண்ணிவிட்டாள். இரண்டு கையையும் தூக்கினாள். எல்லப்பனும், குழி போடுகிற ஜம்பர் கம்பி பிடிக்கிற இன்னொருவனும் குழியை நோக்கி நடந்தார்கள். உள்ளே உயிரோடு இருந்த குழி அப்போது வெடித்தது. ஒரு சில்லு எல்லப்பன் தலைப்பாகையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மற்றவனுக்கு மார்பே இல்லை. பிணத்தைக் கிளினிக்குக்கு எதிரே வண்டியில் கொண்டுபோனார்கள். சுற்றின ஓலைப்பாயிலிருந்து சாலை நெடுக ரத்தம் சொட்டிக்கொண்டு போனது.

இனி எண்ண மாட்டேன் என்று செங்கம்மாள் காண்டிராக்டர் காலில் விழுந்திருக்கிறாள். எண்ணாவிட்டால் போ, அவனுக்குத்தான் காது கேட்குமே, அவனே எண்ணிக்கொள்வான் என்றானாம். அடுத்த வெடி சனிக்கிழமை என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் இருவரும் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். எல்லப்பனின் வலது கை செங்கம்மாளின் சேலைத் துண்டில் பொதிந்திருந்தது. துணி முழுக்கக் கெட்டியான ரத்தம். பாறை சரிந்து விழுந்துவிட்டது என்றாள். சாலமோன் துணியைப் பிரித்தார். மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல எதுவும் இல்லை, எலும்பும் சதையும் ஒன்றாகத் தட்டையாகக் கிடந்தது. எல்லப்பன் கத்தவில்லை, மயக்கமும் போடவில்லை. சாலமோன் பிரிக்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அந்த வேலையில் பல வருஷ அனுபவம். பாறை சரிந்து நசுங்கின கையை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் கிழியும், தோல் உரியும், மண்ணும் பொடியும் புண்ணுக்குள் ஏறியிருக்கும். இது சுத்தமாக இருந்தது. மேலேயிருந்து நேராக, ஒரே அளவு முகமுள்ள இரும்பு விழுந்த தடம். பக்கத்தில் பக்கத்தில் மூன்று. எனக்கே தெரிந்தது என்றால் சாலமோனுக்குத் தெரியாமலா? அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து செங்கம்மாளைப் பார்த்தார். அவள் கையில் ஜல்லிச் சுத்தியல் பிடித்த காய்ப்பு. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இத்தயும் முறுக்கிப் பாருய்யா" என்றாள். "கை கீதா இல்லியான்னு நல்லா பாத்து எழுது."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். பொய்க்காயம் என்றால் அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நான் எழுந்தே நின்றுவிட்டேன். சாலமோன் புண்ணைக் கழுவினார். அவ்வளவு மெதுவாக அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை. பஞ்சு வைத்து, கட்டுப் போட்டு, முடிச்சுப் போட்ட பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எழுதிக்கோ. பாறை வுழுந்து நசுங்கினது. சந்தேகம் ஒண்ணும் இல்ல."

எழுதினேன். கை எடுக்க வேண்டியதாயிற்று, பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே போனால் நூற்றுக்கு அறுபது என்று சட்டத்திலேயே அச்சடித்திருக்கிறது. காதுக்கு ஐம்பதுதான். கைக்கு யாரும் தட்டைப் போட்டுப் பார்க்க வேண்டாம், இல்லாதது எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

ஆனால் கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காதுக்கு நஷ்ட ஈடு கேட்டு இல்லை என்று ஆனவனுக்கு இரண்டே மாதத்தில் கை போகிறதா என்று மதராசில் கமிஷனர் முன்னால் வழக்கு வைத்தார்கள். எல்லாரையும் கூப்பிட்டார்கள். குவாரி மேஸ்திரி அன்றைக்குப் பாறை எதுவும் சரியவில்லை என்றான். எல்லப்பனிடம் கேள்வியைக் காகிதத்தில் எழுதிக் காட்டியும் பயனில்லை, அவருக்குப் படிக்க வராது. கடைசியில் ஒருவர் சைகையில் கேட்க, மேலேயிருந்து விழுகிற மாதிரி இடது கையால் காட்டிவிட்டு நின்றுகொண்டார்.

சாலமோனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். பைபிள் மேல் கை வைத்தார். சுத்தியலால் அடித்த காயமா இது என்று கம்பெனி வக்கீல் கேட்டார். இல்லை, பாறை என்றார். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்றார் வக்கீல். இத்தனை வருஷமாக என் வார்த்தையை வைத்துத்தானே நீங்கள் இத்தனை பேரை வெறுங்கையோடு அனுப்பினீர்கள், அப்போது கேட்டீர்களா என்றார் சாலமோன். கமிஷனர் எழுதிக்கொண்டார். எல்லப்பன் பக்கம் தீர்ப்பாயிற்று.

அதற்குப் பிறகு சாலமோன் அந்த வேலைக்கு வரவில்லை. கோவளத்துக்கே போய் மூட்டை தூக்கினார், அறுபத்திரண்டில் போய்ச் சேர்ந்தார். அதுவரை யார் மேலும் கை வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. வேதத்தின் மேல் கை வைத்துப் பொய் சொன்னது அவரை அரித்துவிட்டது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டருக்கு என்ன தெரியும்? தீர்ப்பு முடிந்து ஊர் திரும்பினபோது ரயிலில் அவர் முதல் வகுப்பில் வந்தார். நாங்கள் நாலு பேரும் மூன்றாம் வகுப்பில் வந்தோம்.

எழும்பூரில் பாசஞ்சர் ஏறினோம். எல்லப்பன் ஜன்னலோரம், பக்கத்தில் செங்கம்மாள், எதிரே நானும் சாலமோனும். வண்டி தாம்பரம் தாண்டியது. அப்புறம் சாலமோன் செங்கம்மாளிடம் கேட்டார், எல்லப்பன் ஒத்துக்கொண்டுதான் கையைக் கொடுத்தாரா என்று.

செங்கம்மாள் இல்லை என்று தலையாட்டினாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை, பக்கத்தில் இருந்தவருக்குத்தான் கேட்காதே.

"ஒத்துக்குவாரா? சொல்லவே இல்ல நானு. பாறை மேல கைய வூணிக்கினு தண்ணி குடிச்சிகினு இருந்தாரு. பின்னாலயே சுத்தி எடுத்துகினு போனேன். நீ எழுதினியே கேக்குதுன்னு, அது நெஜமாவே இருக்கட்டும்னு சாமிய வேண்டிக்கினே போனேன். கிட்ட நின்னு பேரு சொல்லிக் கூப்ட்டேன்யா. கட்டிக்கினு பன்னெண்டு வருசத்துல இந்த வாயால சொல்லாத பேரு. எல்லப்பா, எல்லப்பான்னு தொண்ட கிழிய மூணு தரம் கத்தினேன். ஒரு தரம் திரும்பியிருந்தாருன்னா சுத்திய கீழ போட்டிருப்பேன்."

சாலமோன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். எல்லப்பன் அவளை இடது கையால் தட்டி, ஜன்னலுக்கு வெளியே வண்டலூர் மலையைக் காட்டினார்.